அத்திக்காயின் உள்ளே நடக்கும் கொடுக்கல் வாங்கல்

கேள்வி இதுதான்: “என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு உயிரினங்கள் சேர்ந்து வாழ்வதை ஒருங்குயிரி நிலை, உடன் உண்ணும் நிலை, ஒட்டுண்ணி நிலை என்று பிரித்துப் படிக்கிறாள். ஊருக்குப் போயிருந்தபோது ஆற்றங்கரை அத்தியில் பறித்த பழத்தைப் பிட்டோம். உள்ளிருந்து பூச்சிகள் கிளம்பின. இது மூன்றில் எந்த வகை என்று கேட்கிறாள். அந்தப் பூச்சி மரத்துக்கு நல்லது செய்கிறதா, கெடுதல் செய்கிறதா? பழத்தைச் சாப்பிடலாமா?”

இரண்டு உயிருக்கும் லாபம் என்றால் ஒருங்குயிரி நிலை; ஒன்றுக்கு லாபம், மற்றதுக்குப் பாதிப்பில்லை என்றால் உடன் உண்ணும் நிலை; ஒன்றின் லாபம் மற்றதன் நஷ்டம் என்றால் ஒட்டுண்ணி நிலை. சுருக்கமாகச் சொன்னால், மூன்று வகையும் அந்த ஒரே பழத்துக்குள் இருக்கின்றன. மரத்துக்கு நல்லது செய்யும் குளவியேதான் அதன் விதைகளையும் அழிக்கிறது. பழத்தைச் சாப்பிடலாம், எதை, எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

புத்தகத்தின் மூன்று வகைகளை நான் குறை சொல்ல மாட்டேன். படிக்கத் தொடங்குபவருக்கு ஏதாவது ஒரு பிடி வேண்டும். அவற்றுக்குத் தரப்படும் உதாரணங்கள்தாம் சிக்கல். முதலையின் வாய்க்குள் புகுந்து பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் பறவையைப் பற்றிப் பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் காலத்திலிருந்து சொல்லி வருகிறார்கள். அதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது. மேயும் மாட்டின் பின்னால் நடந்து, அது கிளப்பிவிடும் வெட்டுக்கிளியைக் கொத்தும் உண்ணிக்கொக்கு நல்ல உதாரணம்தான். ஆனால் அந்த உறவில் ஆழம் இல்லை. மாடு இல்லாத வயலில் கொக்கு டிராக்டரின் பின்னால் போகும். 1879-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் அன்டன் டி பாரி கூட்டுவாழ்வை வரையறுத்தபோது, வெவ்வேறு இனத்து உயிர்கள் சேர்ந்து வாழ்வது என்று மட்டுமே சொன்னார். யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்ற தீர்ப்பு அதில் இல்லை. ஒட்டுண்ணியையும் அவர் அதற்குள்ளேயே வைத்தார். அத்தியைப் புரிந்துகொள்ள அந்தப் பழைய வரையறையே வசதி.

இனி மரத்துக்கு வருவோம். நீங்கள் பார்த்தது நாட்டு அத்தி. தண்டிலும் பெருங்கிளைகளிலும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் ஆற்றோர மரம். அறிவியல் பெயர் ஃபைகஸ் ரசிமோசா. ஆல், அரசு, கடையில் விற்கும் சீமை அத்தி எல்லாம் இதே பேரினம். உலகில் சுமார் 750 இனங்கள் உள்ளன. இவற்றில் நாம் காய் என்று சொல்வது உண்மையில் ஒரு பூங்கொத்து. ஆயிரக்கணக்கான சிறு பூக்கள் ஒரு சதைப்பற்றான உறைக்குள், உட்சுவரில் ஒட்டி, நடுவில் இருக்கும் வெற்றிடத்தைப் பார்த்தபடி அமைந்திருக்கின்றன. உள்ளே புக ஒரே வழி, காம்புக்கு எதிர்ப்புறம் தொப்புள் போலத் தெரியும் துளை. அந்தத் துளையையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில்கள் அடைத்திருக்கும். தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் அங்கே நுழைய முடியாது.

நுழையக்கூடியது ஒன்றே ஒன்று. சுமார் இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள பெண் குளவி. நாட்டு அத்திக்கு வருவது செரட்டோசோலன் ஃபூசிசெப்ஸ். ஆலுக்கு வேறு குளவி, அரசுக்கு வேறு குளவி. சில அத்தி இனங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குளவிகள் இருப்பது இப்போது தெரியவந்திருக்கிறது. ஆனாலும் ஒரு மரத்தின் குளவி வேறு மரத்தின் காய்க்குள் போவது அபூர்வம். காயில் பெண் பூக்கள் பக்குவமானதும் மரம் ஒரு வாசனையை வெளிவிடுகிறது. குளவி அதைப் பிடித்துக்கொண்டு வருகிறது. துளையின் செதில்களுக்கு இடையே தலையைச் செருகி உந்தித் தள்ளிக்கொண்டு நுழைகிறது. பெரும்பாலும் இறக்கைகள் அங்கேயே பிய்ந்துவிடும். உணர்கொம்பின் நுனிகளும் முறியும். அதனால் என்ன? அது திரும்பி வரப்போவதில்லை.

உள்ளே போனதும் இரண்டு வேலைகள். அதன் மார்புப் பகுதியில் மகரந்தம் வைக்கத் தனிப் பைகள் இருக்கின்றன. தான் பிறந்த காயில் முன்னங்கால்களால் திரட்டி அந்தப் பைகளில் நிரப்பிக்கொண்டு வந்த மகரந்தத்தை எடுத்து, பெண் பூக்களில் மகரந்தம் ஏற்கும் நுனிகளான சூலக முடிகளின் மேல் வைக்கிறது. மற்றப் பூச்சிகள் தேன் குடிக்கும்போது உடம்பில் ஒட்டிய மகரந்தத்தைத் தற்செயலாகக் கொண்டுபோகும். நாட்டு அத்தியின் குளவி அப்படி இல்லை; இந்த வேலைக்கென்றே உறுப்பும் அசைவும் கொண்டது. அடுத்து, முட்டையிடும் ஊசியைச் சூலகத் தண்டின் வழியாக இறக்கி, அடியில் விதையாக வேண்டிய சூலுக்குள் முட்டை வைக்கிறது. முட்டை பெற்ற பூ விதையாகாது. வீங்கிக் குளவிக் குஞ்சின் வீடும் சோறுமாகிவிடும். முட்டை பெறாமல் மகரந்தம் மட்டும் பெற்ற பூ விதையாகும். ஓரிரு நாளில் தாய்க் குளவி உள்ளேயே செத்துப்போகும்.

சில வாரங்கள் கழித்து என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி. முதலில் வெளிவருபவை ஆண்கள். இறக்கை கிடையாது, மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில், வயிறு மடங்கிய விநோத உருவம். பார்த்தால் குளவி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவை இருட்டில் தடவிச் சென்று, பெண்கள் இன்னும் அடைபட்டிருக்கும் பூக்களைக் கடித்துத் துளையிட்டு, பெண் வெளிவருவதற்கு முன்பே இணைசேர்கின்றன. பிறகு ஒன்றுகூடிக் காயின் சுவரைக் குடைந்து வெளிவழி வெட்டுகின்றன. வழி திறந்ததும் பெண்கள் மகரந்தத்தைத் திரட்டிக்கொண்டு கிளம்புகின்றன. ஆண் பூக்கள் சரியாக அப்போதுதான் பக்குவமாகியிருக்கும். பெண் பூக்களுக்கும் ஆண் பூக்களுக்கும் நடுவே ஒரு குளவித் தலைமுறை அளவுக்கு இடைவெளி. மரம் தன் பூக்காலத்தையே பூச்சியின் வளர்ச்சிக்கு ஏற்றபடி இரண்டாகப் பிரித்துவைத்திருக்கிறது.

அரசமரத்தின் காயில் இதை இயக்குவது காற்று என்று 1970-களில் கண்டுபிடித்தார்கள். மூடிய காய்க்குள் கரியமில வாயு மிகுந்திருக்கும்போது ஆண்கள் சுறுசுறுப்பாக இயங்குகின்றன, பெண்கள் மந்தமாகக் கிடக்கின்றன. ஆண்கள் துளை போட்டதும் வெளிக்காற்று புகுகிறது, நிலைமை தலைகீழாகிறது. பெண்கள் உயிர்பெற்றுக் கிளம்ப, ஆண்கள் அடங்கிப்போகின்றன. காய் அதன் பிறகுதான் பழுக்கத் தொடங்குகிறது. குளவிகள் போன பின்பு பழம். அதற்கு முன்பு பழுத்தால் வௌவால் வந்து குளவியோடு சேர்த்து விழுங்கிவிடும்.

வெளியே வந்த பெண்ணுக்கு இருக்கும் ஆயுள் ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள். பிறந்த மரத்தில் எல்லாக் காய்களும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருப்பதால் அங்கே இடமில்லை. அதே இனத்து வேறொரு மரம், சரியான பருவத்தில், காற்று போகும் திசையில் இருக்க வேண்டும். நமீபியாவின் பாலைவன ஆற்றங்கரையில் தூரம் தூரமாக நிற்கும் அத்தி மரங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு, குளவி 160 கிலோமீட்டர் வரை மகரந்தம் கொண்டுபோயிருப்பதை 2009-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அவ்வளவு தூரம் அது இறக்கையடித்துப் போவதில்லை. மர உச்சிக்கு மேலே எழும்பிக் காற்றில் மிதக்கிறது. கிளம்பும் ஆயிரத்தில் மிகச் சிலவே போய்ச் சேரும்.

இப்போது கணக்குக்கு வருவோம். இந்த ஏற்பாட்டை நிலத்தை வாரத்துக்கு விடுவதாக எண்ணிப் பாருங்கள். மரம் நிலக்காரர், குளவி பயிரிடுபவர். விளைச்சலில் ஒரு பங்கு விதையாக மரத்துக்கு, மறுபங்கு குஞ்சாகக் குளவிக்கு. எந்த வாரச் சாகுபடியிலும் எழும் கேள்விதான் இங்கும் எழும்: பயிரிடுபவர் முழு விளைச்சலையும் எடுத்துக்கொண்டால் என்ன? எல்லாப் பூவிலும் முட்டை வைத்துவிட்டால் இந்தத் தலைமுறைக் குளவிக்குக் கொள்ளை லாபம். மரத்துக்கு விதை கிடையாது. மரம் அழிந்தால் குளவியும் அழியும் என்பது நமக்குத் தெரியும். குளவிக்கு அந்த முன்யோசனை இல்லை. இயற்கைத் தேர்வுக்கும் இல்லை. இன்று அதிகக் குஞ்சு விடும் குளவியின் வாரிசுதான் நாளை அதிகமாக இருக்கும். அப்படியிருந்தும் இந்த உறவு ஏறத்தாழ 7.5 கோடி ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. ஏன் முறியவில்லை?

வெகுகாலம் சொல்லப்பட்ட விடை, பூக்களின் தண்டு நீளம். சில பூக்களுக்குச் சூலகத் தண்டு குட்டை, சிலவற்றுக்கு நெட்டை. குளவியின் ஊசி குட்டைத் தண்டுப் பூவில்தான் சூல்வரை எட்டும். நெட்டைப் பூ தப்பித்து விதையாகும். அழகான விளக்கம். ஆனால் அளந்து பார்த்தபோது பல இனங்களில் குளவியின் ஊசி பெரும்பாலான பூக்களுக்கு எட்டக்கூடியதாகவே இருந்தது. எட்டியும் ஏன் வைக்கவில்லை?

2008-இல் ஆஸ்திரேலிய அத்தி ஒன்றில் செய்த ஆய்வு ஒரு விடை சொன்னது. எனக்கு நம்பத்தகுந்ததாகவே படுகிறது. நெட்டைத் தண்டுப் பூவின் சூல் காயின் வெளிச்சுவரை ஒட்டி இருக்கிறது. குட்டைத் தண்டுப் பூவின் சூல் உட்புறமாக, நடு வெற்றிடத்தின் பக்கம் தள்ளி இருக்கிறது. வெளியில் வேறு குளவிகள் இருக்கின்றன. அவை காய்க்குள் நுழைவதில்லை. வெளியே நின்றபடியே நீண்ட ஊசியைச் சுவரில் இறக்கி, உள்ளே வளரும் குளவிக் குஞ்சின் அறையில் தங்கள் முட்டையை வைக்கின்றன. அவற்றின் குஞ்சு நம் குளவியின் குஞ்சைக் கொன்றுவிடும். சுவரை ஒட்டிய சூலில் முட்டை வைத்தால் இந்த எதிரிகளிடம் எளிதில் சிக்கும், உட்புறச் சூலில் வைத்தால் பிழைக்கும். ஆகவே உட்புறப் பூக்களைத் தேடும் தாய்க்கே பேரப்பிள்ளைகள் அதிகம். வெளிப்புறப் பூக்கள் மரத்துக்கு மிஞ்சுகின்றன. இருவருக்கும் இடையேயான பங்கீட்டை, இருவருக்கும் வேண்டாத மூன்றாவது ஆள் காப்பாற்றுகிறான். ஒருங்குயிரி நிலை என்று தலைப்பிட்ட பத்தியில் இப்படியொரு வில்லனுக்கு இடமே இருப்பதில்லை.

அந்த வில்லனையும் சற்று நெருங்கிப் பாருங்கள், நாட்டு அத்தியிலேயே பார்க்கலாம். காயின் மேல், உடம்பைவிடப் பல மடங்கு நீளமான, தலைமுடியைவிட மெல்லிய ஊசியோடு ஒரு பூச்சி நின்று, வயிற்றை உயர்த்தி மெல்ல மெல்லக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். அப்போக்ரிப்டா என்பது அப்படிப்பட்ட ஒரு பேரினம். மெல்லிய ஊசி முறியாமல் அவ்வளவு கெட்டியான காயைத் துளைப்பது எப்படி என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆராய்ந்தார்கள். ஊசியின் நுனியில் பற்கள் இருப்பதையும், அந்த நுனியில் துத்தநாகம் சேர்ந்து அதைக் கடினமாக்குவதையும் 2014-இல் வெளியிட்டார்கள். அதே கழகத்தில் ரெனீ போர்கெஸ் குழுவினர் நாட்டு அத்தியையும் அதன் குளவிகளையும் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். ஒரே காயை வெவ்வேறு பருவத்தில் குறிவைக்கும் இத்தகைய குளவி இனங்கள் நாட்டு அத்தியில் மட்டும் அரை டஜன் இருக்கின்றன. சில காயின் தொடக்கத்திலேயே வந்து மரத்தின் பூவைத் தின்பவை, சில பின்னால் வந்து மற்றக் குளவியின் குஞ்சை அழிப்பவை. மகரந்தம் சுமப்பது இவற்றில் எதுவும் இல்லை.

காய்க்கு வெளியே காவலும் உண்டு. இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு முசுறு எறும்பு அத்தியில் நடமாடினால், வெளியே நின்று நிதானமாக ஊசி இறக்கும் குளவிகள் அதன் வாயில் சிக்குகின்றன. நொடியில் உள்ளே நுழைந்துவிடும் நம் குளவிக்கு அந்த ஆபத்து குறைவு. எறும்பு மரத்துக்காக இதைச் செய்யவில்லை. இரை கிடைக்கிறது, பிடிக்கிறது. வெளியேறும் நல்ல குளவி கிடைத்தாலும் விடாது.

அடுத்தது ஏமாற்று. மகரந்தம் சுமப்பது குளவிக்கு உழைப்பு. சுமக்காமல் வந்து முட்டை மட்டும் வைத்துவிட்டுப் போனால்? அப்படிச் செய்யும் குளவிகள் இருக்கின்றன. ஆப்பிரிக்காவின் சிக்கமோர் அத்தியில் உழைக்கும் குளவியோடு செரட்டோசோலன் கலிலி என்ற இன்னொன்றும் நுழைகிறது. அதன் முன்னோர் மகரந்தம் சுமந்தவை, அது சுமப்பதை விட்டுவிட்டது. மரம் இதைச் சும்மா விட்டுவிடுகிறதா? பனாமாவில் யாண்டெர், ஹெர் என்ற இரு ஆய்வாளர்கள் மகரந்தம் இல்லாத குளவிகளை வேண்டுமென்றே காய்க்குள் விட்டுப் பார்த்தார்கள். குளவி உழைத்து மகரந்தம் வைக்கும் வகை அத்திகளில், விதை பிடிக்காத காய்களை மரம் உதிர்த்துவிட்டது அல்லது அவற்றில் பிழைத்த குஞ்சுகள் குறைந்துபோயின. உதிர்ந்த காயோடு ஏமாற்றியவளின் வம்சமும் மண்ணோடு போகும். இந்தத் தண்டனை எந்த இனத்தில் தளர்வாக இருந்ததோ, அந்த இனத்தில் மகரந்தமின்றி வரும் குளவிகள் கூடுதலாக இருந்தன. 2010-இல் வெளியான இந்த முடிவைப் படித்தபோது, வாரச் சாகுபடியில் மேற்பார்வை தளர்ந்தால் என்ன ஆகும் என்று ஊரில் எவரைக் கேட்டாலும் சொல்லியிருப்பாரே என்று தோன்றியது. ஆனால் ஊகம் வேறு, காயை எண்ணிக் காட்டுவது வேறு.

ஏமாற்றுவது குளவி மட்டுமா? மரமும்தான். ஓடையோரம் சொரசொரப்பான இலையோடு வளரும் பேயத்தியைப் பாருங்கள். அத்தி இனங்களில் ஏறத்தாழப் பாதியில் ஆண் மரம், பெண் மரம் என்று இரண்டு உண்டு. பேயத்தி அந்தக் கூட்டம். ஆண் மரத்தின் காயில் குளவி வளரும், மகரந்தம் உண்டாகும். பெண் மரத்தின் காயில் எல்லாப் பூக்களுக்கும் தண்டு நெட்டை. ஊசி எட்டவே எட்டாது. குளவியால் இரண்டின் வாசனையையும் பிரித்தறிய முடிவதில்லை. பெண் காய்க்குள் நுழைந்தவள் எல்லாப் பூக்களுக்கும் மகரந்தம் வைத்துவிட்டு, ஒரு முட்டைகூட இட முடியாமல் இறக்கையிழந்து சாகிறாள். மரத்துக்கு முழு லாபம், அவளுக்கு முழு நஷ்டம். இதை எந்தப் பெட்டியில் போடுவது? தனிக் குளவியின் வாழ்க்கையை மட்டும் பார்த்தால் இது அப்பட்டமான சுரண்டல். இரண்டு இனங்களையும் ஆண்டுக்கணக்கில் பார்த்தால் ஒருங்குயிரி நிலை.

நீங்கள் கடையில் வாங்கும் சீமை அத்தியும் இந்த வகைதான். காட்டு ஆண் மரத்தின் கிளையைப் பயிர் மரத்தில் கட்டித் தொங்கவிட்டால் காய் பிடிக்கும் என்பது பழங்கால கிரேக்கர்களுக்கே தெரியும், தியோஃப்ராஸ்டஸ் எழுதியிருக்கிறார். 1880-களில் கலிபோர்னியாவின் விவசாயிகள் துருக்கியின் ஸ்மிர்னா வட்டாரத்திலிருந்து உயர்ந்த ரகக் கன்றுகளை வரவழைத்தார்கள். மரம் செழித்தது, காய் மட்டும் பிஞ்சிலேயே சுருங்கி உதிர்ந்தது. கிளை கட்டும் பழக்கத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கியவர்களும் அப்போது இருந்தார்கள். 1899-இல் ஃபிரெஸ்னோ பகுதியில் குளவி நிலைபெற்ற பிறகே பழம் கிடைத்தது.

இதற்கு நேர் மாறான கதை எகிப்தில். சிக்கமோர் அத்தி தெற்கே ஆப்பிரிக்காவிலிருந்து அங்கே போன மரம். அதற்கு மகரந்தம் வைக்கும் குளவி கூடவே போகவில்லை. விதை உண்டாகாது, மரத்தைப் போத்து நட்டுத்தான் பெருக்க வேண்டும். எகிப்தியர்கள் பிஞ்சை ஒவ்வொன்றாகக் கத்தியால் கீறிவிட்டார்கள். கீறிய காயில் எத்திலீன் வாயு உண்டாகிச் சில நாட்களில் பழுத்துவிடும். அப்படிக் கீறப்பட்ட அத்திகள் கல்லறைகளில் கிடைத்திருக்கின்றன. குளவி இல்லாத ஊரில் குளவியின் வேலையில் பாதியை மனிதக் கை செய்திருக்கிறது.

இன்னும் ஒரு தரப்பு பாக்கி: நூற்புழு. கண்ணுக்கு எளிதில் தெரியாத இந்தப் புழுக்கள் வெளியேறும் பெண் குளவியின் உடம்பில் தொற்றிக்கொண்டு அடுத்த காய்க்குப் பயணம் செய்கின்றன. உங்கள் மகளின் கேள்விக்கு நேரான விடை இதில்தான் இருக்கிறது. நாட்டு அத்தியில் பெங்களூரு ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்ததில், ஒரு குளவியில் சில புழுக்கள் மட்டும் ஏறியிருந்தால் அதற்குப் பெரிய பாதிப்பு இல்லை. அதாவது உடன் உண்ணும் நிலை. எண்ணிக்கை கூடினால் குளவி தொலைதூரம் பறக்க முடியாமல் போகிறது, அடுத்த காயின் விளைச்சலும் குறைகிறது. அப்போது அதே புழு ஒட்டுண்ணி. பனாமாவில் எட்வர்ட் ஆலன் ஹெர் 1993-இல் காட்டியது இதைவிட நுட்பமானது. ஒரு காய்க்குள் ஒரே தாய்க் குளவி நுழையும் இனங்களில், புழு தாயிடமிருந்து மகளுக்கு மட்டுமே போக முடியும். தாயைக் கெடுத்தால் தனக்கே வண்டி கிடைக்காது. அங்கே புழுவின் கொடுமை குறைவு. பல தாய்கள் நுழையும் இனங்களில் ஒருத்தியைத் தின்று தீர்த்தாலும் மற்றவளின் மகள்மேல் ஏறிக்கொள்ளலாம். அங்கே புழு கடுமையானது. ஒட்டுண்ணியின் குணத்தைத் தீர்மானிப்பது அதற்குக் கிடைக்கும் போக்குவரத்து.

வெளியே உள்ள உறவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே காட்டில் ஒவ்வொரு அத்தி மரமும் ஒவ்வொரு சமயத்தில் காய்ப்பதால், ஆண்டு முழுவதும் எங்கேயோ ஒரு மரத்தில் பழம் இருக்கும். குளவி பிழைக்க அது கட்டாயம். ஆனால் அதனால் பெரும் பயன் பெறுவது மற்ற மரங்கள் காய்க்காத மாதங்களில் பசியோடு அலையும் பறவைகளும் விலங்குகளும். ஆனைமலையில் மரப்பொந்துக்குள் அடைந்திருக்கும் பெண் இருவாச்சிக்கு ஆண் பறவை ஊட்டும் பழங்களில் அத்தி முக்கியமானது. பறவை போட்ட எச்சத்திலிருந்து பனையின் மட்டை இடுக்கில் ஆல் முளைப்பதை நம் ஊர்ச் சாலைகளில் பார்த்திருப்பீர்கள். பனை ஆண்டுக்கு ஆண்டு பருக்கும் மரமல்ல. ஆலின் வேர்கள் சுற்றி இறுக்கினாலும் மற்ற மரங்களைப்போல அது நெரிபட்டுச் சாவதில்லை. ஆல் தலைக்கு மேல் வளர்ந்து வெயிலை மறைக்கும்போதுதான் பனை பட்டுப்போகும். கோபுரத்து விரிசலில் அரசு முளைப்பதும் இதே கதை. உழவாரப்பணிக்கு வருகிறவர்களுக்கு ஓயாத வேலை கொடுப்பது குளவியும் காகமும் மைனாவும் சேர்ந்துதான். ஃபுளோரிடாவில் நிழலுக்காக நட்ட ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா என்ற அத்தி இனம் வெகுகாலம் விதையே பிடிக்காமல் சாதுவாக நின்றது. அதன் குளவி எப்படியோ வந்து சேர்ந்த பிறகு சுவர், பாலம், பிற மரங்கள் என்று எல்லா இடத்திலும் முளைத்துத் தொல்லை மரமாகிவிட்டது.

இவ்வளவு பழைய உறவு எவ்வளவு உறுதியானது என்று கேட்டால், இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். 1883-இல் கிரக்கட்டோவா எரிமலை வெடித்து உயிரில்லாத சாம்பலாகக் கிடந்த தீவுகளுக்கு, சுமார் 40 கிலோமீட்டர் கடலைத் தாண்டி முதலில் அத்தி விதையும் பிறகு அவற்றின் குளவிகளும் போய்ச் சேர்ந்து காடு எழுந்தது. மறுபக்கம், 1998-இன் தொடக்கத்தில் போர்னியோவின் லம்பிர் காட்டில் கடும் வறட்சி வந்தபோது, சில அத்தி இனங்களில் புதிய காய் பிடிப்பது நின்றது. ஒரு நாள் ஆயுளுள்ள குளவிகள் அந்த வட்டாரத்திலிருந்தே மறைந்துவிட்டன. மழை திரும்பி மரம் காய்த்த பின்பும் பல மாதங்கள் குளவி வரவில்லை.

இனி சாப்பாடு. “அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை” என்ற பழமொழி நாட்டு அத்திக்குச் சரி. எந்தப் பழத்திலும் செத்த ஆண் குளவிகளும் தாயின் உடலும் பிந்தி வளர்ந்த வேறு பூச்சிகளும் இருக்கும். உடலுக்குக் கெடுதல் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற பூச்சிகளைத் தட்டிவிட்டு, கழுவிச் சாப்பிடுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறார்கள். அத்திப்பிஞ்சைக் கூட்டு, பொரியல் செய்வதானால் கெட்டியாக, உள்ளே வெளிறிய நிறத்தில் இருப்பதாகத் தேர்ந்தெடுத்தால் பூச்சிப் பிரச்சினையே பெரும்பாலும் வராது. உயிர்க்கொலை கூடாது என்பவர்கள் விலக்குவதிலும் நியாயம் இருக்கிறது: சமண இல்லற ஒழுக்கம் ஆல், அரசு, அத்தி உள்ளிட்ட ஐந்து அத்தியினப் பழங்களை உண்ணக்கூடாது என்று சொல்வது இந்தப் பூச்சிகளைப் பார்த்துத்தான்.

கடையில் விற்கும் சீமை அத்தி வேறு விஷயம். புனே வட்டாரத்தில் விளையும் ரகம் மகரந்தமே இல்லாமல் பழுப்பது; குளவிக்கு அங்கே வேலை இல்லை. துருக்கியிலிருந்து வரும் ஸ்மிர்னா வகை உலர் அத்தி குளவியால் பிடித்தது. ஆனால் அது பெண் மரத்துப் பழம். உள்ளே குஞ்சு வளர வழியில்லை, நுழைந்த தாயின் எச்சம் மட்டும் இருக்கலாம். அதையும் அத்தியின் பாலில் உள்ள ஃபிசின் கரைத்துவிடும் என்று இணையத்தில் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். ஃபிசின் புரதத்தைச் சிதைக்கும் நொதிதான். ஆனால் பூச்சியின் கூட்டில் கைட்டினும் இருக்கிறது, அது புரதம் அல்ல. பல்லில் நறநறவென்று கடிபடுவது விதை. குளவி அவ்வளவு பெரியது அல்ல.

தேர்வுத்தாளில் “அத்தியும் அத்திக் குளவியும்: ஒருங்குயிரி நிலை” என்றே மகள் எழுதட்டும், மதிப்பெண் அதற்குத்தான். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரே மரத்திலிருந்து வெவ்வேறு அளவுள்ள காய்களைப் பறித்து, ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்துக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். பத்து மடங்கு உருப்பெருக்கும் கைலென்ஸ் போதும். சுவரில் வெளிவழித் துளை இல்லாத, தொட்டால் லேசாக அமுங்கத் தொடங்கிய காய்தான் நல்ல காய். அதில் இறக்கையில்லாத ஆண்கள் பூக்களின்மேல் ஊர்வதைப் பார்க்கலாம். வெட்டிய சில நிமிடங்களில் பெண்கள் வெளிவரத் தொடங்கினால் கதவைத் திறந்துவிடுங்கள், அவற்றுக்குக் கொட்டத் தெரியாது. பால் கையில் பட்டால் சிலருக்கு அரிக்கும். அறுப்பதற்கு முன் விரல்களிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.